நளன் தமயந்தி கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நளன் கதையை நாலு பேர் சேர்ந்து படிக்க ஆரம்பித்தால் சீக்கிரமே கேள்விகள் வந்துவிடும். பள்ளிப் பாடத்தில் ஒரு வெண்பா, திருநள்ளாறு போகிற வழியில் யாரோ சொன்ன ஒரு கதை, பாட்டி சொன்ன அன்னப்பறவை என்று ஆளுக்கொரு துண்டு தெரிந்திருக்கும். துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களுக்கு அடிப்படை மகாபாரதத்தின் வன பருவத்தில் வரும் நளோபாக்கியானம். புகழேந்தியின் நளவெண்பா வேறு மாதிரி சொல்லும் இடங்களைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன்.

கதையைச் சுருக்கமா ஒருதரம் சொல்லுங்க, பாதி மறந்துபோச்சு.

நிடத நாட்டு அரசன் நளன். விதர்ப்ப அரசன் வீமனின் மகள் தமயந்தி. அன்னம் தூது போகிறது, சுயம்வரத்தில் அவள் தேவர்களை விட்டுவிட்டு நளனுக்கு மாலையிடுகிறாள். அதில் கோபம் கொண்ட கலி (கலியுகத்தின் உருவம்), காலம் பார்த்து நளனுக்குள் புகுந்துவிடுகிறான். தம்பி புட்கரனோடு சூதாடி நளன் நாட்டை இழக்கிறான். கட்டிய துணியோடு இருவரும் காட்டுக்குப் போகிறார்கள். ஒரு நடுராத்திரியில், தூங்கும் மனைவியை விட்டுவிட்டு அவன் போய்விடுகிறான்.

அவனைக் கார்க்கோடகன் என்ற பாம்பு கடிக்க, உருவம் கெட்டு, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி அரசன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகச் சேர்கிறான். தமயந்தி தட்டுத்தடுமாறிச் சேதி நாடு போய், அங்கிருந்து தாய்வீடு சேர்கிறாள். அவள்தான் அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். சேர்கிறார்கள், நளன் மறுபடி ஆடி நாட்டை மீட்கிறான்.

இது நம்ம ஊர்க் கதையா?

கதை நடக்கும் இடம் வடக்கே. விதர்ப்பம் இன்றைய மகாராஷ்டிரத்தின் கிழக்குப் பகுதி. சேதி என்பது புந்தேல்கண்ட் பக்கம். மத்தியப் பிரதேசத்தின் நர்வர் கோட்டையை நளனோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு.

ஆனால் தமிழில் இந்தக் கதைக்கு வயது அதிகம். சிலப்பதிகாரத்திலேயே வந்துவிடுகிறது, அதைப் பின்னால் பார்ப்போம். புகழேந்தி வெண்பாவில் பாடினார். பதினாறாம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் நைடதம் எழுதினார். 'நைடதம் புலவர்க்கு ஔடதம்' என்ற வாக்கு அந்த நூலைப் பற்றியதுதான்.

அன்னம் தூது போன காதல் கதைதானே? இதுல பயங்கரம் எங்கே இருக்கு?

அன்னம் கதையின் வாசற்படி மட்டும்தான். ரவிவர்மாவின் 1899ஆம் ஆண்டு ஓவியம் முதல் காலண்டர் படங்கள் வரை எல்லாரும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. வடமொழியில் ஸ்ரீஹர்ஷர் எழுதிய நைஷத காவியம்கூடத் திருமணத்தையும் புதுமணத் தம்பதியின் இன்பத்தையும் பாடிவிட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு வருவதைக் கேளுங்கள். ஒருவன் உடம்புக்குள் இன்னொருவன் குடியிருக்கிறான். சூதாட்டக் காய்கள் பறவைகளாகி வந்து, கட்டியிருந்த ஒரே துணியையும் தூக்கிக்கொண்டு பறக்கின்றன (நளவெண்பாவில் கலியே பொன்னிறப் பறவையாக வருகிறான்). தமயந்தியைப் பாம்பு விழுங்கப் பார்க்கிறது. காப்பாற்றிய வேடனே அவள்மேல் கை வைக்க வருகிறான். அவள் சொன்ன ஒரு சொல்லில் அவன் செத்து விழுகிறான். விஷம் ஏறிய உடம்போடு கணவன் வேறோர் ஊரில் குதிரை தேய்த்துக்கொண்டிருக்கிறான். இப்போது 'டார்க் ஃபேண்டஸி' என்று தனி அலமாரி வைத்து விற்கிற கதைகளில் இருக்கும் சரக்கெல்லாம் இதில் இருக்கிறது.

சுயம்வரத்துல ஒரே மாதிரி அஞ்சு நளன் நின்னாங்களாமே, எப்படிக் கண்டுபிடிச்சா?

இந்திரன், அக்கினி, எமன், வருணன் நால்வரும் நளன் உருவத்திலேயே வந்து உட்கார்ந்தார்கள். இதற்கு முன் அவர்கள் நளனையே தங்களுக்காகத் தூது அனுப்பியிருந்தார்கள். அவனும் வாக்குக் கொடுத்த குற்றத்துக்காகப் போய், தன் காதலியிடம் 'தேவர்களில் ஒருவரைக் கட்டிக்கொள்' என்று சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை.

மண்டபத்தில் தமயந்தி தேவர்களையே வேண்டுகிறாள்: நான் நளனைத் தவிர வேறு யாரையும் நினைக்கவில்லை என்பது உண்மையானால் நீங்களே உங்களைக் காட்டிக்கொள்ளுங்கள். அப்போது வித்தியாசம் தெரிகிறது. தேவர்களுக்கு வியர்வை இல்லை, இமை அசையவில்லை, மாலை வாடவில்லை, கால் தரையில் படவில்லை. நளனுக்கு நிழல் விழுகிறது, உடம்பில் தூசி இருக்கிறது. 'கண்ணிமைத்த லாலடிகள் காசினியில் தோய்தலால் வண்ண மலர்மாலை வாடுதலால்' என்று புகழேந்தி இதை ஒரே வெண்பாவில் அடக்கிவிட்டார். வாடுவதையும் வியர்ப்பதையும் அடையாளமாக வைத்து அவள் ஒருவனைத் தேர்ந்தெடுத்தாள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கலிக்கு ஏன் அவ்வளவு கோபம்? நளன் அப்படி என்ன தப்பு செஞ்சான்?

கலி சுயம்வரத்துக்குக் கிளம்பி வருகிறான், வழியில் திரும்பி வரும் தேவர்கள் 'எல்லாம் முடிந்துவிட்டது' என்கிறார்கள். தோற்ற தேவர்களுக்குக் கோபமில்லை. அவர்கள் நளனுக்கு எட்டு வரங்கள் கொடுத்துவிட்டு வருகிறார்கள். போட்டிக்கே வந்து சேராத கலிக்குத்தான் ஆத்திரம். துவாபர யுகத்தின் உருவமான துவாபரனைத் துணைக்கு அழைத்து, 'நீ காய்களுக்குள் புகுந்துகொள், நான் அவனுக்குள் புகுகிறேன்' என்கிறான்.

பன்னிரண்டு வருடம் காத்திருந்தும் உள்ளே போக இடுக்குக் கிடைக்கவில்லை. ஒருநாள் மாலை நளன் சிறுநீர் கழித்துவிட்டுக் கால் கழுவாமல் சந்தியாவந்தனம் செய்தான். அவ்வளவுதான், கலி புகுந்துவிட்டான். நளவெண்பாவிலும் காலை முழுதாகக் கழுவாத குறைதான். இவ்வளவு சின்னக் குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. கதை அதை நியாயம் என்று எங்கும் சொல்லவும் இல்லை.

எங்க வீட்ல சனி பிடிச்சதுன்னு சொல்வாங்க. சனியா, கலியா?

மகாபாரதத்திலும் நளவெண்பாவிலும் கலி. நளவெண்பாவின் மூன்று பகுதிகளில் பின்னிரண்டின் பெயரே கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம்.

சனி வருவது திருநள்ளாற்றுத் தல மரபில். காரைக்கால் பக்கம் உள்ள அந்தக் கோயிலின் மூலவர் தர்ப்பாரண்யேசுவரர் என்ற சிவன்; சனீசுவரன் சன்னதியால்தான் ஊர் பெயர் பெற்றது. நளன் அங்கே நீராடிச் சனியின் பிடியிலிருந்து விடுபட்டான் என்பது நம்பிக்கை. அதனால்தான் நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். ஒருவனைப் பிடித்து ஆட்டிவைத்துவிட்டுக் காலம் வந்ததும் விட்டுப் போகிற வேலை இருவருக்கும் பொது. மக்கள் மனதில் இரண்டும் ஒன்றாகிவிட்டதில் வியப்பில்லை. கோயிலுக்குப் போகிறவர் சனி என்று சொல்லட்டும், நூலைப் படிக்கிறவர் கலி என்று படிக்கட்டும், சண்டை வேண்டாம்.

எத்தனை வருஷம் பிரிஞ்சிருந்தாங்க? ஒருத்தர் பன்னிரண்டுங்கறார், ஒருத்தர் ஏழரைங்கறார்.

மூன்று ஆண்டுகள் முடிந்து நான்காம் ஆண்டில் சேர்ந்தார்கள். பன்னிரண்டு என்பது கலி காத்திருந்த காலம். ஏழரை என்பது மேலே சொன்ன சனிக் கணக்கு.

பொண்டாட்டியை நடுக்காட்டுல விட்டுட்டு ஓடினவனை எப்படிங்க நல்லவன்னு சொல்றது?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அவன் துணியைப் பறவைகள் கொண்டுபோய்விட்டன. அவள் சேலையையே இருவரும் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். போகிற வழியில் 'இந்தப் பாதை விதர்ப்பத்துக்குப் போகும்' என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்ல, அவளுக்குச் சந்தேகம் தட்டுகிறது: ஏன் எனக்கு என் தாய்வீட்டு வழியைக் காட்டுகிறீர்கள்? சேர்ந்தே போவோம் என்கிறாள். அவன் மறுக்கிறான். செல்வத்தோடு போன வீட்டுக்கு இந்தக் கோலத்தில் எப்படி வருவேன் என்கிறான். இரவு ஒரு பாழ் மண்டபத்தில் வெறுந்தரையில் படுக்கிறார்கள். அவள் தூங்கியதும் அங்கே கிடந்த வாளால் சேலையைப் பாதியாக அறுத்துக்கொண்டு கிளம்புகிறான். போகிறான், திரும்பி வந்து பார்க்கிறான், மறுபடி போகிறான். வியாசர் அவன் மனத்தை ஊஞ்சல் என்கிறார். புகழேந்தி தயிர் கடைபவர் கை என்கிறார்.

கலிதான் செய்வித்தான் என்று நூல் சொல்வது உண்மை. ஆனால் அந்த வெட்கம் நளனுடைய சொந்தச் சரக்கு. மாமனார் வீட்டில் தலைகுனிந்து நிற்பதைவிட மனைவியைக் காட்டில் விடுவது மேல் என்று தோன்ற ஒரு மனிதனுக்குக் கலி தேவையா என்ன? கலி ஏற்கெனவே இருந்த விரிசலில்தான் கடப்பாறையை வைத்தான் என்பது என் வாசிப்பு.

சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில் இது வருகிறது. மாதவியிடம் போய்ப் பொருளை இழந்து, கண்ணகியோடு மதுரை வந்த கோவலன் தன் நிலையை நொந்துகொள்ளும்போது கவுந்தியடிகள் ஆறுதலாக இராமன் கதையையும் நளன் கதையையும் சொல்கிறார். 'இடையிருள் யாமத்து இட்டு நீக்கியது' வல்வினை அல்லவா, அது அந்தப் பெண்ணின் பிழை என்று சொல்ல முடியுமா என்று கேட்கிறார். ஆறுதல்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவன் தன் மனைவியைப் புகாரிலேயே விட்டுப் போனவன் ஆயிற்றே. அவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தால் அந்த இடம் சுருக்கென்று தைக்கும்.

குழந்தைங்க என்ன ஆனாங்க?

மகன் இந்திரசேனன், மகள் இந்திரசேனை. ஆட்டம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தவுடனே தமயந்தி தேரோட்டி வார்ஷ்ணேயனோடு இருவரையும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது உருப்படியான ஒரு வேலையைச் செய்தவள் அவள்தான். நளவெண்பாவில் குழந்தைகளும் கூடவே ஊரைவிட்டு நடக்கிறார்கள், வழியில்தான் ஒரு மறையவரோடு அனுப்பப்படுகிறார்கள். அந்தப் பிரிவுதான் பெரிய பிரிவுக்கு ஒத்திகை போல ஆகிவிடுகிறது.

அவன் போன பிறகு தமயந்தி அழுதுட்டே இருந்தாளா?

அழுதாள். புலியிடமும் மலையிடமும் அசோக மரத்திடமும் வழி கேட்டாள். ஆனால் விழித்தவுடன் அவள் செய்த காரியம் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சாபம் இட்டாள். யாரால் நளன் இந்தத் துன்பத்தை அடைந்தானோ அந்தப் பூதம் இதைவிடப் பெரிய துன்பத்தை அடையட்டும் என்றாள். யாரென்று தெரியாமலே சொன்னது அது.

பின்னால் கலி வெளியே வரும்போது அவன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான்: அந்தச் சாபம் இத்தனை நாளும் என்னை எரித்துக்கொண்டிருந்தது என்று. கலி இருந்த இடம் எது? நளனின் உடம்பு. இவள் ஒரு மூலையில், அவன் ஒரு மூலையில். ஆனால் அவள் கோபம் அவன் உடலுக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருந்தது. காதல் கதைகளில் நான் பார்த்த மிக விசித்திரமான நெருக்கம் இது.

அப்புறம் ஒரு வணிகக் கூட்டத்தோடு சேர்கிறாள். இரவில் காட்டு யானைகள் அந்தக் கூட்டத்தை மிதித்துத் துவைக்கின்றன. பிழைத்தவர்கள், பைத்தியம் போல நம்மோடு வந்தாளே அவளால்தான் இது, கிடைத்தால் கொல்வோம் என்கிறார்கள். அவள் மறைந்திருந்து அதைக் கேட்கிறாள். சேதி நகரத் தெருவில் பிள்ளைகள் அவளைப் பைத்தியம் என்று துரத்துகிறார்கள். அரசனின் தாய் பார்த்து உள்ளே அழைக்கிறாள். அப்போதும் தமயந்தி நிபந்தனை போட்டுத்தான் சேர்கிறாள்: எச்சில் உண்ண மாட்டேன், பிறர் கால் கழுவ மாட்டேன், அயல் ஆண்களோடு பேச மாட்டேன், கணவனைத் தேட அந்தணர்களை மட்டும் பார்ப்பேன். பாதிச் சேலையோடு நிற்பவளின் பேச்சு இது.

காப்பாத்தினவனையே பாம்பு ஏன் கடிச்சுது?

நாரதர் சாபத்தால் அசைய முடியாமல் காட்டுத்தீயில் கிடந்த கார்க்கோடகனை நளன் தூக்கிச் செல்கிறான். 'அடிகளை எண்ணிக்கொண்டே நட' என்கிறது பாம்பு. பத்தாவது அடியில் அவன் 'தச' என்கிறான். வடமொழியில் அது பத்தையும் குறிக்கும், கடி என்றும் பொருள்படும். சொன்னபடி கடித்துவிட்டது.

விஷம் நளனுக்கு வலிக்காது, உள்ளே இருப்பவனுக்குத்தான் வலிக்கும் என்று பாம்பு விளக்குகிறது. உருவம் கெட்டதால் யாரும் அடையாளம் காண மாட்டார்கள், அதுவும் பாதுகாப்பு. வேண்டும்போது பழைய உருவம் பெற ஆடையும் தருகிறது. அதாவது அழகு போனது தண்டனையல்ல, மருத்துவம். கேரளத்துக் கதகளியில் உண்ணாயி வாரியரின் நளசரிதம் நான்கு நாள் ஆட்டம். அதில் வாகுகன் வேடம் பெரிய நடிகர்கள் ஆசைப்படும் வேடம்.

அந்த மாய ஆடை கையிலேயே இருந்ததே, அப்பவே போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே?

போயிருக்கலாம். உடல் திரும்பிவிடும், ஆனால் உள்ளே கலி அப்படியே இருப்பான், கையில் நாடு இருக்காது, காட்டில் விட்டுவந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்பதும் தெரியாது. இருதுபன்னனிடம் போ, அவனுக்குக் குதிரை வித்தையைக் கொடுத்துச் சூதின் வித்தையை வாங்கு என்று பாம்பு சொன்னது அதற்காகத்தான்.

இன்னொரு காரணம் மேலே சொன்ன வெட்கம். அயோத்தியில் ஒவ்வொரு மாலையும் அவன் ஒரே ஒரு சுலோகத்தைச் சொல்வானாம்: பசியும் தாகமுமாய்க் களைத்து அவள் எங்கே படுத்திருக்கிறாளோ, அந்த மூடனை நினைத்துக்கொண்டு, இப்போது யாருக்குப் பணிசெய்கிறாளோ. கூட வேலை பார்த்த ஜீவலன் யாரைப் பற்றி என்று கேட்டால், 'ஒரு முட்டாளுக்கு ஒரு மனைவி இருந்தாள்' என்று மூன்றாம் ஆளின் கதை போலச் சொல்வான். தன் முகத்தை மறைக்க அவனுக்கும் வாகுகன் தேவைப்பட்டான்.

ரெண்டாவது சுயம்வரம்னு சொன்னது நிஜமா?

பொய். தமயந்தி அதற்கு முன் அந்தணர்களைப் பல ஊருக்கும் அனுப்பி ஒரு கேள்வியைச் சொல்லச் சொன்னாள்: சூதாடியே, பாதிச் சேலையை அறுத்துக்கொண்டு எங்கே போனாய்? பதில் சொல்கிறவன் யாரோ அவனைக் கவனியுங்கள் என்றாள். பர்ணாதன் என்பவர் அயோத்தியிலிருந்து வந்து, குட்டைக் கையுள்ள ஒரு தேரோட்டி கண்ணீரோடு பதில் சொன்னதாகச் சொன்னார்.

உடனே தாயிடம் மட்டும் சொல்லிவிட்டு, தந்தைக்குத் தெரியாமல், சுதேவன் என்ற அந்தணர் வழியாக இருதுபன்னனுக்குச் செய்தி அனுப்பினாள்: நாளைக் காலை தமயந்திக்கு மறு சுயம்வரம். தூரம் நூறு யோசனை (யோசனை என்பது பழைய தூர அளவு). ஒரே பகலில் அதை ஓட்டக்கூடியவன் நளன் ஒருவன்தான். அயோத்தி அரசன் வந்து இறங்கியபோது ஊரில் ஒரு தோரணம்கூட இல்லை. 'சும்மா உங்களைப் பார்த்துப் போகலாம் என்று வந்தேன்' என்று அவன் சமாளிக்க, வீமன் இவ்வளவு தூரம் இதற்காகவா என்று குழம்புகிறான். இருட்டான கதையில் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே இடம்.

வழியில இலை எண்ணுற கதை எதுக்கு நடுவுல?

தேர் பறக்கும்போது இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, கீழே விழுந்த இலையும் காயும் மரத்தில் இருப்பதைவிட நூற்றியொன்று அதிகம், இரண்டு கிளைகளில் மட்டும் ஐந்து கோடி இலை, 2095 காய் என்கிறான். சுயம்வரத்துக்கு நேரமாகிறது என்று அவன் பதற, வாகுகன் தேரை நிறுத்திவிட்டு எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரி. அந்த வித்தைதான் சூதின் உயிர்நாடி. பழங்காலத்தில் தான்றிக் கொட்டைகளைத்தான் சூதுக்காயாக உருட்டினார்கள், அதனால் மரம் தற்செயலாக வரவில்லை. நமக்குத் திரிபலா சூரணத்தில் பழக்கமான அதே தான்றிதான்.

வித்தை கைக்கு வந்த கணத்தில் கலி கார்க்கோடகன் விஷத்தைக் கக்கிக்கொண்டு வெளியேறுகிறான். சபிக்காதே, உன் கதையைச் சொல்கிறவர்களுக்கு என்னால் பயம் வராது என்று கெஞ்சிவிட்டுத் தான்றி மரத்துக்குள் ஒளிகிறான். கண்டம் கழிய நளன் கதை கேட்கச் சொல்வதற்கு வேர் இந்த வாக்கில்தான் இருக்கிறது.

நளபாகம்னு சொல்றது இதுலேர்ந்துதானா?

ஆமாம். சுயம்வரத்தில் எமன் கொடுத்த வரங்களில் ஒன்று சுவையறிந்து சமைக்கும் திறம். எமனிடமிருந்து சமையல் வரமா என்று கேட்காதீர்கள், நூல் அப்படித்தான் சொல்கிறது. வாகுகன் நளன்தானா என்று அறிய, மூலத்தில் தமயந்தி வாயில் போட்டுப் பார்த்தது அவன் சமைத்த இறைச்சி. 'நளபாகம்' என்று பெயர் வைத்த சைவ உணவகத்தில் சாப்பிடும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

ருசியிலேயே ஆள் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் ஏன் அத்தனை சோதனை?

தேர் ஒலியிலேயே அவளுக்கு நளன் என்று தோன்றிவிட்டது. ஆனால் நளனின் பழைய தேரோட்டி வார்ஷ்ணேயனும் அதே தேரில் வந்தான். அவன் நளனிடம் கற்றிருக்கலாமே என்று உடனே சந்தேகமும் வருகிறது. ஒவ்வொரு சான்றுக்கும் வேறொரு விளக்கம் இருக்க முடியும் என்று தெரிந்தவள் அவள். தோழி கேசினியை அனுப்பி ஒளிந்து பார்க்கச் சொல்கிறாள். தாழ்ந்த வாசல் அவன் வரும்போது உயர்கிறது, அவன் பார்த்தால் வெற்றுக் குடத்தில் நீர் நிறைகிறது, புல் தானே தீப்பிடிக்கிறது, கசக்கிய பூ இன்னும் மணக்கிறது. அடுத்துச் சமையல்.

முதல் சுயம்வரத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே ஐந்து பேருக்கும் நளன் முகம். முகத்தை நம்ப முடியாது என்று அன்றைக்கே பாடம் ஆகிவிட்டது. அன்று மனித பலவீனங்களை வைத்து அவனைப் பிரித்தெடுத்தாள். இன்று முகம் முற்றிலும் வேறு. அன்று தேவர்கள் கொடுத்த வரங்களை வைத்து அவனை நெருங்குகிறாள். ஆனால் வரம் இருப்பவன் நளன் என்று மட்டும்தான் அதெல்லாம் காட்டும். அவன் இன்னும் தன் கணவன்தானா என்று காட்டாது. அதற்காகத்தான் கடைசியில் குழந்தைகளை அனுப்புகிறாள். அவன் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, என் குழந்தைகள் மாதிரி இருக்கிறார்கள், அதனால் அழுதேன் என்று கேசினியிடம் சாக்குச் சொல்கிறான்.

பிறகு நேருக்கு நேர். தூங்குகிற மனைவியைக் காட்டில் விட்டுப் போன தருமவான் யாரையாவது பார்த்திருக்கிறாயா வாகுகா என்று கேட்கிறாள். கலியால் நடந்தது என்கிறான். சொல்லிவிட்டு, நீ மட்டும் மறுமணத்துக்கு ஏற்பாடு செய்யலாமா என்று திருப்பிக் கேட்கவும் செய்கிறான்! அவள் காற்றையும் சூரியனையும் சந்திரனையும் சாட்சிக்கு அழைக்கிறாள், காற்று பேசுகிறது. அதற்குப் பிறகுதான் அவன் அந்த ஆடையை உடுத்துகிறான். இந்த வழக்கு முழுக்க அவள் பேசியது குறுகிய கையும் கெட்ட உருவமும் உள்ள ஒருவனிடம். அழகன் திரும்பி வந்த பிறகு மன்னித்தாள் என்று யாராவது சொன்னால் வரிசையைத் திருத்துங்கள்.

அவன்தான் மாறினான், அவ அப்படியேதானே இருந்தா?

இல்லை. சேதி நாட்டில் சுதேவன் அவளைக் கண்டுகொண்டதே புருவ நடுவில் அழுக்குக்கு அடியில் மறைந்திருந்த மச்சத்தை வைத்துத்தான். அவளுக்கு அடைக்கலம் தந்த அரசமாதா அவளுடைய தாயின் கூடப்பிறந்தவள். அவளாலேயே அடையாளம் காண முடியவில்லை. நளனைச் சந்திக்கும்போதும் அவள் அலங்காரம் செய்துகொள்ளவில்லை. காவித் துணி, சடைபிடித்த கூந்தல், அழுக்கேறிய உடம்பு. தாய்வீட்டில் வசதி இல்லாமலா?

உருவத்தைவிடப் பெரிய மாற்றம் வேறு. சூதாட்டத்தின்போது கணவனிடம் மன்றாடியவள், இப்போது ஓர் அரசனை நூறு யோசனை ஓடவைத்து, கணவனை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்கிறாள்.

இந்தக் கதையைத் தருமனுக்கு ஏன் சொன்னாங்க?

சூதில் எல்லாம் இழந்து காட்டில் இருக்கும் தருமன், என்னைவிடத் துன்பப்பட்டவன் உண்டா என்று கேட்க, பிருகதசுவர் என்ற முனிவர் சொன்னது இது. முடிவில் சூதின் வித்தையையும் அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். பின்னால் விராடன் அரண்மனையில் தருமன் சூதாட்டத் தோழனாகவும், அவன் தம்பி வீமன் (தமயந்தியின் தந்தை அல்ல) சமையற்காரனாகவும், நகுலன் குதிரை பார்ப்பவனாகவும், திரௌபதி சைரந்திரி என்ற பணிப்பெண்ணாகவும் ஒளிந்திருந்ததை நளன் தமயந்தியின் வேலைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நளன் ஒருவன் செய்ததை அங்கே மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

கடைசி ஆட்டத்துல நளன் தமயந்தியைப் பணயம் வச்சான்னு ஒருத்தர் சொன்னார். புரளிதானே?

புரளி இல்லை. முதல் ஆட்டத்தில் எல்லாம் போன பிறகு புட்கரன், தமயந்திதான் மிச்சம், அவளை வை என்று சீண்டினான். நளன் பதில் பேசாமல் நகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியேறினான். கலி பிடித்திருந்தபோதே செய்யாததை, கலி நீங்கிய பின் செய்கிறான்: நான் சம்பாதித்த செல்வமும் தமயந்தியும் என் பணயம், நாடு உன் பணயம் என்று அவனாகவே அழைக்கிறான். ஆடவில்லையென்றால் தேரேறிச் சண்டைக்கு வா என்றும் சொல்கிறான். தமயந்தி அப்போது அங்கே இல்லை, விதர்ப்பத்தில் இருக்கிறாள்.

சூதின் உயிர்நாடி கையில் இருப்பதால் தோற்க வாய்ப்பே இல்லை, ஆகவே அது வெறும் தூண்டில் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. புட்கரன் ஆசையில் விழுந்ததைப் பார்த்தால் தூண்டில் என்பது சரிதான். ஆனாலும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் திரௌபதியைப் பணயம் வைத்துத் தோற்றவன். அவன் முன்னால் இந்த வரியை ஏன் முனிவர் விழுங்காமல் சொன்னார் என்பதற்கு நல்ல பதிலாக இன்னும் எதையும் நான் கேட்கவில்லை. புட்கரன், தமயந்தி இனி எனக்குப் பணிவிடை செய்வாள் என்று பிதற்றுகிறான். அவன் தலையை வாளால் சீவிவிடத் தோன்றுகிறது நளனுக்கு. சிரித்துக்கொண்டே, பேச்சு எதற்கு, ஆடு என்கிறான். ஒரே ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு, நீ செய்ததெல்லாம் கலி செய்தது என்று சொல்லித் தம்பியை உயிரோடு, அவன் பங்குச் சொத்தோடு அனுப்பிவைக்கிறான்.